பஞ்சவர்ணத்தின் பிடியரிசி

செய்தி வந்தபோது நான் கண்டியில், கண் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையில் எழுபத்திரண்டாம் நம்பர் துண்டு. உள்ளே அறுபத்தெட்டாம் நம்பர் ஆள் போயிருந்தார். தொலைபேசியில் சுகந்தி, பஞ்சவர்ணத்தின் மருமகள். "டீச்சர், அத்தை போயிட்டாங்க" என்றாள். "எங்க போயிட்டா?" என்று கேட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் கேட்கிற கேள்வியா அது? சுகந்தி அழுதுகொண்டே மறுபடியும் சொன்னாள். காலையில் பஞ்சவர்ணம் வழக்கம்போலப் பிள்ளைக் காம்பராவைத் திறந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள். நெஞ்சை அடைக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் உடனே எழுந்து ஓடவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விடியற்காலை பஸ் பிடித்து வந்து எடுத்த நம்பரை விட்டுவிட்டுப் போயிருந்தால், "நம்பர விட்டுட்டா வந்த, அறிவு கெட்டவளே, நான் என்னா எந்திரிச்சு ஓடவா போறேன்?" என்று அந்த நிலையிலும் ஏசக்கூடியவள் அவள். ஆகவே இருந்து, கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, எல்லாம் மங்கலாகத் தெரிய, கலஹா பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் நான் அழுகிறேன் என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தாள். அது மருந்துத் தண்ணீர். அழுகை பேராதனை தாண்டித்தான் வந்தது. வந்தபின் நிற்கவில்லை.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையால் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகளின் கைக்கும் இது போகும் என்பதால், தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பஞ்சவர்ணம் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் இருபத்தாறு வருடம் பிள்ளைக் காம்பரா ஆயம்மாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நானும் அவளும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம், எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம். அவளுக்கு என்னைவிட நன்றாகப் படிப்பு வரும். அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்ததால் அவள் நின்றுவிட்டாள், நான் படித்து டீச்சர் ஆனேன். ஆள் இருக்கும் இடத்தில் "டீச்சர், நீங்க" என்பாள். தனியாக இருந்தால் "என்னாடி கமலா" தான். எதை எப்போது சொல்வது என்பதில் அவள் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

டீசலும் காஸும் பால்மாவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எனக்குச் சேவையில் கடைசி வருடம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பிள்ளைக் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தேன். பதினாலு குழந்தைகள், ஒரு சத்தம் இல்லை. "என்ன பஞ்சு, எல்லாம் தூங்குதா?" என்று கேட்டேன். "தூங்கல, பசி. பசிச்ச பிள்ள ரொம்ப நேரம் அழாது. தெரியுமா ஒனக்கு?" என்றாள். எனக்குத் தெரியாது. ஒரு மனிதப் பிறவிக்கு அது தெரியவே கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வாரமே அவள் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் பேச்சை ஆரம்பித்தாள். "ஒலையில அரிசி போடுறதுக்கு முந்தி ஒரு பிடி எடுத்துத் தனியா ஒரு டின்னுல போட்டு வைங்க. ஒரு பிடியில யாரு வயிறும் காயாது. வெள்ளிக்கிழம நான் வந்து எடுத்துக்கிறேன்." யாரோ ஒருத்தி, "யாருக்குங்க அக்கா?" என்று கேட்டாள். "இப்போதைக்குப் பிள்ளைகளுக்குக் கஞ்சி. மிஞ்சுறது யாருக்குன்னு இன்னும் தெரியல. வரும்போது தெரியும்." நான் சிரித்தேன். அரிசி விலை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், இல்லாத வீட்டில் போய்ச் சேமிக்கச் சொல்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் முதல் வெள்ளிக்கிழமையே நாற்பத்தாறு வீட்டில் நாற்பதுக்கு மேல் டின் நீட்டின. எல்லாரும் அவளிடம் பிள்ளையைக் கொடுத்தவர்கள். அவள் கேட்டு இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆரம்பத்தில் அவள் செய்த கூத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. தேயிலைத் தொழிற்சாலை இஸ்டோரில் கெஞ்சி வாங்கிய ஒரு நீலப் பிளாஸ்டிக் பெரலைச் சுடுதண்ணீர் ஊற்றி ஏழு தடவை கழுவி, எல்லா வீட்டு அரிசியையும் அதில் கொட்டினாள். ஒரு வீட்டில் நாட்டரிசி, ஒரு வீட்டில் சம்பா, ஒரு வீட்டில் சிவப்புப் பச்சையரிசி. பெரல் அரைவாசி நிரம்பிய சந்தோஷத்தில் தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கென்று அதிலிருந்தே பொங்கல் வைத்தாள். பச்சையரிசி குழைந்து களியாகிவிட்டது, நாட்டரிசி பல்லில் கல் மாதிரி. பானையைச் சுற்றி நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் நான்தான். "நாப்பத்தாறு வீட்டு அரிசியும் ஒத்துமையா வேகும்னு நெனச்சியா பஞ்சு?" என்று கேட்டேன். அவள் அந்தப் பொங்கலை வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டு மறுநாள் மத்தியானம் வரை தின்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு தோளிலும் இரண்டு பையோடு வந்தாள். ஒன்றில் பச்சை, ஒன்றில் புழுங்கல். இஸ்டோரிலிருந்து இரண்டாவது பெரலும் வந்தது.

சேர்த்து வைப்பது என்றால் மூடி வைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் மலையில் அது நடக்காது. மூன்று மாதம் திறக்காமல் வைத்தால் அரிசிக்குப் பூஞ்சண வாடை வந்துவிடும், வண்டு விழும். வேப்பிலைக்கும் இந்தக் குளிரில் எங்கே போவது? காய்ந்த மிளகாயும் வசம்பும்தான். வெயில் முகம் காட்டிய நாளெல்லாம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பாய்களை விரித்து, பெரல்களைக் கவிழ்த்துக் கொட்டி, காயவைத்து, புடைத்து, அடியில் கிடந்ததை மேலே போட்டு நிரப்புவாள். பிள்ளைகளின் கஞ்சிக்கு எப்போதும் பழைய அரிசிதான் முதலில் போகும். அந்த இடம் பிறகு புது அரிசியால் நிரம்பும். "இது என்னா கோயில் உண்டியலா, போட்டுட்டு மறந்துர்றதுக்கு? கிண்டிக்கிட்டே இருக்கணும்டி" என்பாள். என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கிண்ட வைப்பாள். எனக்கு அரிசித் தூசி ஒத்துக்கொள்ளாது. தும்மிக்கொண்டே கிண்டுவேன். அதே போல, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் விழுகிற மிலாறுக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டி, பிள்ளைக் காம்பராவின் கூரைத் தாழ்வாரத்தில் விறகாக அடுக்கினாள். உப்பு இரண்டு பானை, நெருப்புப்பெட்டி ஒரு தகரம்.

நான் அப்போது மாதர் சங்கத்துக்குச் செயலாளர். எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு வீடு யார் போடுகிறார்கள், யார் போடவில்லை என்று குறிக்க ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, சிவப்புப் பேனையால் கோடும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம் கமலா. இத எழுதுனோம்னா, குடுக்குற அன்னைக்கு எவனாச்சும் இந்தக் கொப்பியத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்." எனக்குச் சுருக்கென்றது. ஒழுங்காக ஒரு காரியம் செய்ய விடமாட்டாளே என்று வீட்டில் வந்து புலம்பினேன்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டில் எதுவும் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. தேத்தண்ணிக்குச் சீனி கேட்டு என் வீட்டுக்கு வருவாள். போன தடவை வாங்கிய கிண்ணத்தை இந்தத் தடவை கொண்டு வருவாள். "ஊருக்கு ரெண்டு பெரல் வச்சிருக்க, வீட்டுல ஒரு கிலோ சீனி வச்சிக்க முடியாதா?" என்றால், "ஒன் வீட்டுலதான் இருக்கே" என்பாள். இப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று நீங்கள் கேட்கலாம். நான் போட்டேன்.

போன ஆடி மாதம், அம்மன் திருவிழாவுக்குக் கோயில் முற்றத்தில் கூட்டம். கமிட்டித் தலைவர் முத்தையா அண்ணன் பேசினார். "விக்கிற வெலைக்கு அரிசி வாங்கி அன்னதானம் குடுக்க முடியாதுங்க. நம்மகிட்டயே ரெண்டு பெரல் நெறையா இருக்கு. எடுத்துக்குவோம். பெறகு சேத்துக்கலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். நான் இரண்டு தலை வைத்தவள் போல ஆட்டினேன். மூன்று வருடமாகச் சேர்த்துச் சேர்த்துக் கிண்டுகிற அரிசியை ஒரு நல்ல காரியத்துக்கு எடுத்தால் என்ன என்றுதான் எனக்குப் பட்டது. பஞ்சவர்ணம் எழுந்து, "அது முடியாதுங்கண்ணே" என்றாள்.

"அம்மனுக்குக் குடுக்காத அரிசி வண்டுக்கா?" என்று நான் கேட்டேன்.

"அம்மனுக்கு நூறு பேரு கொண்டாந்து குடுப்பாங்க டீச்சர். வெறும் வயித்துக்கு எவன் கொண்டாருவான்?"

"எடுத்தா மறுபடி சேத்துக்கலாம்னு சொல்றாங்கல்ல?"

"சேக்குறதுக்குள்ள வந்துருச்சின்னா?"

"என்ன வந்துருச்சின்னா?"

"அது எனக்கு எப்புடித் தெரியும்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால், "இது என்ன உங்க அப்பன் வீட்டு அரிசியா?" என்று கேட்டுவிட்டேன். அவளுடைய அப்பா இந்தத் தோட்டத்தில் தண்ணீர்க் கானு வெட்டிக் கூன் விழுந்து செத்த மனுஷன். எனக்குத் தெரியாததா? கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வெளியே போன சொல் போனதுதான். பஞ்சவர்ணம் என்னை நேராகப் பார்த்தாள். "இல்லைங்க டீச்சர். அதுனாலதான் குடுக்க முடியலங்கிறேன்" என்றாள். முத்தையா அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அன்னதானத்துக்கு அரிசி வெளியிலிருந்து வந்தது. ஐந்து மூடை மிஞ்சியதும் உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கே செயலாளர் பதவியை விட்டேன். அடுத்த நாள் உலை வைக்கும்போது பிடியரிசி எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. அரிசி டின்னைக் கழுவித் தட்டில் கவிழ்த்து வைத்தேன். இந்த ஒரு விஷயத்தை இதுவரை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஆடியிலிருந்து கார்த்திகை வரை, நாலு மாதம், என் வீட்டிலிருந்து ஒரு மணி அரிசி அந்தப் பெரலுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர், "அவங்க மேல கோவம்னா அரிசி என்னா பண்ணுச்சு?" என்று கேட்டார்.

பஞ்சவர்ணமோ வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். வாசலில் நின்று கூப்பிட மாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் வந்து, கவிழ்த்திருக்கிற டின்னைப் பார்ப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு எரியும். என்ன கொழுப்பு இவளுக்கு, வாராவாரம் வந்து குத்திக் காட்டிவிட்டுப் போகிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பேன்.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. மற்ற இடங்களில் நடந்ததை நான் இங்கே எழுதவில்லை. எழுத மனம் இல்லை. எங்கள் டிவிஷனில் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் கலஹாவுக்கு இறங்கும் ரோட்டில் இரண்டு இடத்தில் மண்மேடு சரிந்து, மூன்றாவது இடத்தில் ரோட்டையே காணோம். கரண்ட் போனது, தொலைபேசி போனது. கீழ்க் கடையில் இரண்டாம் நாளே பாண், மா, மெழுகுதிரி எல்லாம் முடிந்தது. நம்மில் பெரும்பாலோர் சனிக்கிழமை போய் ஒரு வாரத்துக்குச் சாமான் வாங்குகிறவர்கள். அந்தச் சனிக்கிழமைதான் ரோடு போனது. எல்லார் வீட்டிலும் மூட்டையின் அடி தெரிந்த நேரம்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல். என் வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் ஆள் விழுந்துவிடுவார். ஊசி போடாமலும் இருக்க முடியாது. திங்கட்கிழமை காலை கடைசி அரிசியைக் கஞ்சியாக்கிக் கொடுத்தேன். அன்று மாலை ஊசியைக் குறைத்துப் போட்டுவிட்டு, இருந்த ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சீனியைச் சுரண்டி வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று வெளியே வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு என்ன கொடுப்பேன்? என் வீட்டிலிருந்து நூறு அடி தூரத்தில் இரண்டு பெரல் அரிசி இருந்தது. அதில் நாலு மாதமாக என் பிடி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஞ்சவர்ணம் வாளியைக் கவிழ்த்து அகப்பையால் தட்டினாள். "பை கொண்டுகிட்டு வாங்க" என்ற குரல் லயம் முழுக்கக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. "போ கமலா" என்றார் அவர். "எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போறது?" என்றேன். "இருக்குற மொகத்தோட போ. எனக்குப் பசிக்குது" என்றார். கல்யாணம் கட்டி முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனுஷன் பசிக்கிறது என்று வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். பையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றேன்.

பிள்ளைக் காம்பராவின் வாசலில் அவள் பெரலுக்குப் பக்கத்தில் சின்னப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கையில் சுண்டு. டின்பால் டின்தான் நமக்குச் சுண்டு. "தலைக்கு ஒரு நாளைக்கு அரச் சுண்டு. மூணு நாளைக்கு இப்ப வாங்கிக்கங்க. கஞ்சியா வைங்க, சோறாக்காதீங்க. ரோடு எப்ப தெறக்கும்னு யாருக்கும் தெரியாது." ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை தலை என்று அவளுக்கு மனப்பாடம். கேட்காமலே அளந்தாள். காய்ந்த மிலாறுக் கட்டும் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள்.

எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தபோது முத்தையா அண்ணன் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் எட்டுத் தலை. பெரலுக்குள் எட்டிப் பார்த்தார், பயந்துவிட்டார். "ஆயம்மா, எல்லாத்துக்கும் ஒரு நாயம் இருக்குல்ல? போட்டவங்களுக்கு முந்திக் குடுங்க. போடாதவங்களுக்குப் பெறகு, மிஞ்சுனா பாப்போம்" என்றார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "டீச்சர் வீட்டுல ஆடியிலேர்ந்து போடுறது இல்லன்னு ஒரு பேச்சு இருக்கு" என்றார்.

வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அதில் பாதிப் பேருக்கு நான் அ, ஆ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். திரும்பிப் போக ஒரு அடி எடுத்து வைத்தும்விட்டேன். வீட்டில் அவர் இருக்கிறார், ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் என் நினைவிலேயே இல்லை. இப்போது நினைத்தால் எனக்கு என்மேல் பயமாக இருக்கிறது.

பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தாமல் அளந்துகொண்டே கேட்டாள். "யாரு பேசுன பேச்சு?"

"பேசிக்கிறாங்க."

"பேசுறவங்களா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பையத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனாங்க? நாந்தானே போனேன்? டீச்சர் வீட்டுக்குள்ள நான் போயிட்டு வந்தத இந்த லயமே பாத்துச்சு. போடாத வீடு ஒண்ணும் இல்லண்ணே. நாப்பத்தாறு வீடும் போட்டுச்சு. வரிசைய மறைக்காதீங்க, நகருங்க."

எதிர் லயத்துப் பெண் ஒருத்தி, "ஆமா, வாரா வாரம் போனாங்க, நான் பாத்தேன்" என்றாள். முத்தையா அண்ணன் நகர்ந்துகொண்டார். என் முறை வந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. "டீச்சர், பைய விரிங்க" என்றாள் அவள். விரித்தேன். இரண்டு தலைக்கு மூன்று நாள், மூன்று சுண்டு. அவர் அன்று ஊசி போட்டுக் கஞ்சி குடித்தார். முத்தையா அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி. பொய் சொன்னவள் பஞ்சவர்ணம்.

பத்தாம் நாள் மடவளைப் பள்ளிவாசல் ஆட்கள் லொறியில் உலர் உணவு கொண்டு வந்து, ரோடு அறுந்த இடத்திலிருந்து தோளில் சுமந்து ஏற்றினார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது பச்சையரிசிப் பெரல் காலி. புழுங்கல் பெரலில் ஒரு சாண் இருந்தது. மேல் டிவிஷனில் அந்தப் பத்து நாளும் அடுப்பு எரியாத வீடு கிடையாது. வந்தவர்களில் ஒரு பெரியவர் பெரலைப் பார்த்துவிட்டு, "இது யாரு குடுத்தது?" என்று கேட்டார். "நாங்கதான்" என்றாள் பஞ்சவர்ணம்.

மார்கழியில் வெயில் வந்த ஒரு நாள், பிரட்டுக்களத்தில் புது அரிசியைக் காயப்போட்டிருந்தாள். நான் போய்ப் பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் நாங்கள் பேச ஆரம்பித்திருந்தோம், ஆனால் இதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏன் பஞ்சு அன்னைக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"வேற என்னாத்த சொல்ல? நீ போடலன்னு சொல்லிருந்தா நீ வாங்கிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா ஒம் புத்தி? செத்தாலும் வாங்க மாட்ட. நீ சாவு, அது ஒன் இஷ்டம். ஒன் வீட்டுக்காரரு என்னா பாவம் பண்ணுனாரு?"

"அப்போ வெள்ளிக்கிழமை வந்தது?"

"வராம இருந்தா அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சு போயிரும்ல."

"நீ என்னை அவமானப்படுத்த வர்றன்னு நினைச்சேன்."

"நெனப்ப. நீ அப்புடித்தான் நெனப்ப." சிறிது நேரம் அரிசியைக் கையால் அளைந்தாள். "எங்கப்பன் பேச்ச எடுத்தல்ல, அதுக்கு எனக்குக் கோவம்தான். இன்னும் இருக்கு. அது வேற. எந்திரிச்சு அந்தப் பக்கத்தக் கிண்டு, காயவே இல்ல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவள் யார் என் புத்தியைப் பற்றிப் பேச என்று. கிண்டிக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்து அரிசி தெரியாமல் போனது. தூசி என்றேன். "ஆமா, தூசி" என்றாள். அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இன்னொரு நாள் கேட்கலாம் என்று விட்டேன். மாசியில் அவள் போய்விட்டாள். பஞ்சு, தப்புத்தான். மன்னித்துக்கொள்.

பதினாறு முடிந்த வெள்ளிக்கிழமை இரண்டு பைகளையும் நான் தூக்கிக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. புதிய ஆயம்மா சின்ன வயது, வீடு வீடாகப் போக வெட்கப்படுகிறாள். எனக்கு முழங்கால் வலி, லயத்துக்கு லயம் ஏறி இறங்க மத்தியானமாகிவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் டின் வெறுமையாக இருந்தது. வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய கமலா டீச்சராக இருந்தால் அடுத்த லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் காதில் போட்டிருப்பேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். அந்த வாயை மூடிக்கொள்வது ஒன்றைத்தான் நான் பஞ்சவர்ணத்திடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அறுபது வயதுக்குமேல் அதைப் பழகுவது லேசில்லை. வீட்டுக்கு வந்து பைகளை இறக்கியதும் என் வீட்டுக்காரர் கேட்டார், "என்னா, எல்லாரும் போட்டாங்களா?" என்று.

"எல்லாரும் போட்டாங்க" என்றேன்.